பிறவி அறிவா? பெற்ற அறிவா?

அமெரிக்க நாட்டில், உயர்நிலைப் பள்ளியின் கடைசிப் படிகளில் கால் வைத்து நிற்கும் மாணவன் முன்னே இரண்டு தேர்வுகள் வந்து நிற்கின்றன. ஒன்றன் பெயர் எஸ்.ஏ.டி.; மற்றொன்றன் பெயர் ஏ.சி.டி. முன்னதில் நிறைந்த மதிப்பெண் 1600; பின்னதில் 36. கல்லூரிகள் இரண்டையும் ஒன்றாகவே மதிக்கின்றன; ஒன்றை எழுதினால் போதும். ஆகவே மாணவன் கேட்கிறான், "இரண்டில் எது எனக்கு எளிது?" என்று. பெற்றோர் கேட்கின்றனர், "எதற்குப் பயிற்சிக் கட்டணம் கட்டுவது?" என்று. அங்கே சென்று இளங்கலை பயில விழையும் தமிழ் இளைஞரும் இதையே கேட்கின்றனர்.

கேள்வி இயல்பானது. விடையும் அவ்வளவு கடினமானதன்று. கட்டுரையின் இறுதியில் அதற்கு வருவோம். ஆனால், எவரும் கேளாமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே கோட்டைக்கு இரண்டு வாயில்கள் ஏன் அமைந்தன? வாயில்களை அமைத்தவர் யார்? யாரை உள்ளே விட, யாரை வெளியே நிறுத்த அமைத்தனர்? இதைக் கேட்கப் புகுந்தால், தேர்வுத் தாளின் அடியிலே ஒரு பெரும் போரே புதைந்து கிடப்பதைக் காண்கிறோம். அறிவு என்பது பிறப்பிலே வருவதா, பயிற்சியிலே வருவதா என்ற போர் அது. நமக்குப் பழக்கமான போர்தான், தோழர்களே! களம்தான் வேறு.

1900-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிழக்குக் கரைக் கல்லூரிகள் சில கூடிக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் ஒன்றை அமைத்தன. அடுத்த ஆண்டு நடந்த முதல் தேர்வை எழுதியவர் 973 பேர். கட்டுரையாக விடை எழுத வேண்டிய தேர்வு அது. இலத்தீனும் கிரேக்கமும் அதில் இடம்பெற்ற பாடங்கள். அம்மொழிகளை முறையாகக் கற்றுத் தந்தவை, பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற தனியார் பள்ளிகள். வழக்கொழிந்த மொழியை வாயிற்காவலனாக நிறுத்தி வைப்பது எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அன்று போலும்!

பின்னர் முதல் உலகப் போர் வந்தது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும், இராபர்ட் யெர்க்ஸ் என்ற உளநூல் வல்லுநரின் தலைமையில், படையில் சேர்ந்தோருக்கு 'ஆல்ஃபா', 'பீட்டா' என்று இரண்டு அறிவுத் தேர்வுகள் நடத்தினர். 17 இலட்சம் பேருக்கு மேல் எழுதினர். பிறவி அறிவை அளக்கிறோம் என்றனர். எப்படி அளந்தனர்? 'கிரிஸ்கோ' என்பது மருந்தா, கிருமிகொல்லியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று ஒரு வினா. கிரிஸ்கோ, அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு! கிறிஸ்டி மாத்யூசன் எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் ஆட்டக்காரரா, நகைச்சுவை நடிகரா என்று மற்றொன்று. இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்திறங்கிய உழவன் மகனுக்கு அந்த ஆட்டக்காரரைத் தெரியவில்லை என்றால், அவன் பிறவியிலேயே மந்தன் என்று பொருளாம்! அளந்தது அறிவையா, அமெரிக்க வீட்டுச் சமையலறைப் பழக்கத்தையா?

இந்த எண்களை எடுத்து நூலாக்கினார் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்து உளநூல் பேராசிரியர் கார்ல் பிரிகாம். 1923-ல் வெளிவந்த அந்நூல், மக்களை இனவாரியாகப் படிக்கட்டில் ஏற்றி நிறுத்தியது. மேற்படியில் வட ஐரோப்பிய 'நார்டிக்' வெள்ளையர். அடுத்தடுத்த படிகளில் பிற ஐரோப்பியர். அடிப்படியில் கறுப்பின மக்கள். இனக்கலப்பால் அமெரிக்க அறிவு தேய்கிறது என்று அபாயச் சங்கு ஊதியது. குடியேற்றத்துக்குக் கதவடைக்கத் துடித்தவர்கள் அதைக் கையில் ஏந்திக்கொண்டனர். 1924-ல் கதவடைப்புச் சட்டமும் வந்தது.

தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று நம் நாட்டில் ஏட்டில் எழுதி வைத்தனர். அங்கே அட்டவணையில் எழுதி வைத்தனர். இங்கே கடவுள் பெயரைச் சொன்னார்கள்; அங்கே கணக்கின் பெயரைச் சொன்னார்கள். இரண்டிலும் படிக்கட்டைக் கட்டியவன்தான் மேற்படியில் நின்றுகொண்டிருந்தான்!

ஆனால், எண்களை நேர்மையாகப் படித்தவர்களும் இருந்தனர். ஹோரஸ் மான் பாண்ட் என்ற கறுப்பின இளைஞர், 20 வயதுகூட நிறையாதவர், 1924-ல் எழுதிய கட்டுரைகளில் அதே இராணுவப் புள்ளிகளை எடுத்துப் போட்டுக் காட்டினார். பள்ளி வசதி மிகுந்த இல்லினாய் போன்ற வட மாநிலங்களின் கறுப்பர்கள், பள்ளி வசதி குன்றிய தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையர்களைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தனர். குருதியே அறிவுக்குக் காரணம் என்றால் இது எப்படி நேரும்? இன்னொன்றும் அந்த எண்களிலேயே கிடந்தது. குடியேறியவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடியது. 20 ஆண்டு வாழ்ந்தவர், அங்கேயே பிறந்தவரோடு ஏறத்தாழ நிகராக நின்றார். இருபது ஆண்டில் குருதி மாறுமா? மொழியும் பழக்கமும் பள்ளியும் மாறும். பகுத்தறிவு உடையோனுக்கு இந்தச் சான்று போதும். பிரிகாமோ, முன்னே வந்தவர் நல்ல குடி, பின்னே வந்தவர் தாழ்ந்த குடி என்று விளக்கம் கூறி, படிக்கட்டைக் காப்பாற்றிக்கொண்டார்.

இந்தப் பிரிகாமின் கையில்தான் கல்லூரி வாரியம் புதிய தேர்வை உருவாக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. 1926 ஜூன் 23-ஆம் நாள் முதல் எஸ்.ஏ.டி. நடைபெற்றது. எழுதியவர் 8,040 பேர். வினாக்கள் 315, நேரம் 97 நிமிடம், அதாவது ஒரு வினாவுக்குப் பதினெட்டு வினாடிதான்! பெயரின் நடுவில் நின்ற ஆங்கில எழுத்து, 'இயல்பான ஆற்றல்' என்ற பொருளுடைய சொல்லைக் குறித்தது. பள்ளியில் என்ன கற்றாய் என்று அத்தேர்வு கேட்கவில்லை. நீ எப்படிப்பட்டவனாகப் பிறந்திருக்கிறாய் என்று கேட்க முயன்றது. முதல் வாயிலின் அடிக்கல் இதுவே.

அதே 1926-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் நடந்ததையும் இங்கே கூற வேண்டும். பழைய தேர்வுகளில் யூத மாணவர் சிறப்பாகத் தேறி உள்ளே வந்துகொண்டிருந்தனர். அது மேட்டுக்குடியினர் கண்ணை உறுத்திற்று. யூதருக்கு விகித வரம்பு கட்ட வேண்டும் என்று 1922-ல் பல்கலைத் தலைவர் லோவல் முனைந்தார். எதிர்ப்புக் கிளம்பியதால் வெளிப்படையாக முடியவில்லை. 1926-ல் வேறு வழி கண்டனர். மதிப்பெண் மட்டும் போதாது, 'குணநலன்' பார்ப்போம், 'ஆளுமை' பார்ப்போம், புகைப்படம் அனுப்புக என்றனர். யூத மாணவர் தொகை சரிந்தது. தேர்வு ஒரு வேலியானால், தேர்வை ஒதுக்கிய 'குணநலன்' மற்றொரு வேலி! இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

வியப்பு என்னவென்றால், படிக்கட்டைக் கட்டிய பிரிகாமே அதை இடிக்கவும் முன்வந்தார். 1930-ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஆங்கில மொழியிலும் அமெரிக்கப் பழக்கத்திலும் வேரூன்றிய தேர்வைக்கொண்டு இனங்களை ஒப்பிட்டது தவறு, தம் முந்தைய முடிவுகளுக்கு அடித்தளமே இல்லை என்று ஒப்புக்கொண்டது. தம் கொள்கை பொய் என்று கண்டதும் ஏட்டைத் திறந்து எழுதிய அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். நம் வருணப் புராணம் எழுதியவர் எவரும் இப்படித் திருத்தம் வெளியிட்டதாக நாம் கண்டதில்லை! ஆனால், கொள்கையைக் கைவிட்டவர் 1943-ல் மறைந்தார். அவர் வடித்த கருவியோ வளர்ந்துகொண்டே போயிற்று.

வளர்த்தவர் ஹார்வர்டின் அடுத்த தலைவர் ஜேம்ஸ் கானன்ட். அவர் நோக்கம் வேறு; நேர்மையாகச் சொன்னால், ஒரு வகையில் நல்ல நோக்கம். பரம்பரைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே ஹார்வர்டில் நிரம்பிக் கிடப்பதை அவர் விரும்பவில்லை. தொலைதூர மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளியிலிருக்கும் திறமைசாலியைத் தேடிக் கண்டுபிடித்து உதவித்தொகை தந்து அழைத்து வரவேண்டும் என்று 1934-ல் ஒரு திட்டம் தொடங்கினார். அவருடைய உதவியாளர் ஹென்றி சான்சி அதற்கு எஸ்.ஏ.டி.யைக் கருவியாக்கினார். 1942-ல் போர்க்கால நெருக்கடியில் பழைய கட்டுரைத் தேர்வுகள் கைவிடப்பட்டன, எஸ்.ஏ.டி. தனித்து நின்றது. 1947-ல் அதை நடத்தத் தனி நிறுவனம் எழுந்தது, சான்சியே தலைவரானார். பிறப்பின் ஆதிக்கத்தை முறிக்க எடுத்த கருவி, பிறவி அறிவு என்ற நம்பிக்கையின் வயிற்றில் பிறந்த கருவி. முரண்பாடு தெரிகிறதல்லவா?

அந்த முரண்பாட்டை முதலில் சந்தையில் விலை பேசியவர் ஒரு பேராசிரியர் அல்லர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், குடியேறிய யூதக் குழாய்த் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஸ்டான்லி கப்லன். 1938-ல் வீட்டிலே தனிப்பயிற்சி தொடங்கியவர், 1940-களில் எஸ்.ஏ.டி.க்கும் பாடம் சொல்லலானார். பிறவி ஆற்றலுக்குப் பயிற்சியால் பயனில்லை என்று தேர்வாளர்கள் ஓதிக்கொண்டிருந்தனர். அவர் மாணவர்களோ மதிப்பெண் உயர்ந்து சென்றனர். 1979-ல் அந்நாட்டு வணிகக் கண்காணிப்பு ஆணையமே ஆராய்ந்து, பயிற்சியால் மதிப்பெண் உயர்வதுண்டு என்று கண்டது. ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டத் தொடங்கிய பயிற்சி, காலப்போக்கில் பணம் படைத்தோர் வாங்கும் பெருஞ்சரக்காயிற்று. அது வேறு கதை. நாம் குறிக்க வேண்டியது இது: காசு கொடுத்தால் உயரும் ஒன்று, கருவிலே வந்த ஒன்றாக இருக்க முடியாது.

இனி இரண்டாம் வாயிலுக்கு வருவோம். நாட்டின் நடுவே, சோளக் காடுகள் நிறைந்த அயோவா மாநிலம். அங்குள்ள பல்கலைக் கழகத்தில் ஈ. எஃப். லின்ட்குவிஸ்ட் என்ற பேராசிரியர் 1929 முதற்கொண்டு மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்குமான தேர்வுகளை நடத்தி வந்தார். ஒருவனைத் தள்ளிவைக்க நடத்திய தேர்வுகள் அல்ல அவை. யார் எதில் பின்தங்கியிருக்கிறார் என்று கண்டு, ஆசிரியர் அதற்கேற்பக் கற்பிப்பதற்காக நடத்தியவை. விடைத்தாள்களை விரைந்து திருத்தும் பொறி ஒன்றையும் 1950-களில் அவர் உருவாக்கினார்.

போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு கல்வி உதவி தந்த பின், கல்லூரிகள் பெருகின, மாணவர் பெருகினர். கிழக்குக் கரையின் தேர்வு ஒன்றே அனைவருக்கும் போதுமா? போதாது என்றார் லின்ட்குவிஸ்ட். கல்லூரிக்கு வருபவன் பள்ளியில் என்ன கற்றான், கற்றதைக்கொண்டு எப்படிச் சிந்திக்கிறான் என்பதைத் தேர்வு கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால்தான் பாடத்தை உழைத்துப் படிப்பதே சிறந்த தயாரிப்பு என்று மாணவன் உணர்வான் என்று 1958-ல் வாதிட்டார். அடுத்த ஆண்டு, 1959 நவம்பர் 7-ல், முதல் ஏ.சி.டி. நடந்தது. ஏறத்தாழ 75,000 மாணவர் எழுதினர். ஆங்கிலம், கணக்கு, சமூகப் பாடம், இயற்கை அறிவியல் என்று நான்கு பகுதிகள்; நான்கும் பள்ளியில் பயிலும் பாடங்கள். நடுமேற்கிலும் தெற்கிலும் அது வேர்விட்டது; இரு கரையோரங்களிலும் எஸ்.ஏ.டி. நிலைத்தது.

இதோ, இரண்டு வாயில்களும் நம் கண்முன்! "எப்படிப் பிறந்தாய்?" என்றது ஒன்று. "என்ன கற்றாய்?" என்றது மற்றொன்று.

போரில் வென்றது எது? ஆண்டுகள் விடை கூறின. 'ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ, துடுப்பு வலிப்பவருக்கு எது அப்படி?' என்பது எஸ்.ஏ.டி.யின் பழைய வினாக்களுள் பெயர் கெட்டுப்போன ஒன்று. விடை, படகுப் போட்டியைக் குறிக்கும் 'ரெகாட்டா'. படகு விளையாட்டைப் பார்த்தே அறியாத சேரிச் சிறுவன் அச்சொல்லை எங்கே கேட்டிருப்பான்? 2001-ல் கலிபோர்னியப் பல்கலைக் கழகத் தலைவர் இரிச்சர்டு அட்கின்சன், பன்னிரண்டு வயதுச் சிறுவர் இத்தகைய ஒப்புமை வினாக்களை உருப்போடுவதைக் கண்டு வெகுண்டு, இத்தேர்வைக் கைவிட்டுக் கற்ற பாடத்தைச் சோதிக்கும் தேர்வைக் கொள்வோம் என்று முழங்கினார். அப்பல்கலையோ எஸ்.ஏ.டி.யின் மிகப் பெரிய வாடிக்கையாளர்! 2005-ல் ஒப்புமை வினாக்கள் அகற்றப்பட்டன. 2016-ல் அகராதி தேடும் அருஞ்சொற்களும், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் வழக்கமும் போயின. அதற்கு முன்பே, 1990-களில், பெயரின் நடுவிலிருந்த 'இயல்பான ஆற்றல்' என்ற சொல் நீக்கப்பட்டது. முடிவில், அந்த மூன்று எழுத்துகளும் எதையும் குறிக்கவில்லை என்றே அறிவித்துவிட்டனர்! பொருள் செத்தது, எழுத்து மட்டும் வாழ்கிறது. எஸ்.ஏ.டி. மெல்ல மெல்ல ஏ.சி.டி.யின் பக்கம் நகர்ந்தது. 2012-ல் முதன்முறையாக ஏ.சி.டி. எழுதியோர் தொகை எஸ்.ஏ.டி. எழுதியோரை மயிரிழையில் முந்தியது.

அப்படியானால் வழக்குத் தீர்ந்ததா? நீதி வென்றதா? அவசரப்பட வேண்டாம். கற்றதைக் கேட்கும் தேர்வு நல்லதுதான். ஆனால், எல்லாரும் ஒன்றுபோல் கற்க வழியிருந்தால்தான் அது நீதியான தேர்வு. வருமானத்தின் உச்சியில் நிற்கும் நூற்றுக்கு ஒரு குடும்பத்தின் பிள்ளை எஸ்.ஏ.டி.யில் 1300-க்கு மேல் பெறும் வாய்ப்பு, ஏழைக் குடும்பப் பிள்ளையினுடையதைப்போல் 13 மடங்கு என்று அண்மை ஆய்வு கூறுகிறது. பயிற்சியும் போதாத செல்வர் சிலர், கையூட்டுத் தந்து விடைத்தாளையே திருத்தச் செய்த கதை 2019-ல் நீதிமன்றம் ஏறியது.

"ஆகவே தேர்வையே ஒழிப்போம்!" என்ற குரல் எழுந்தது. 2020-ல் கொள்ளைநோய்க் காலத்தில் பல கல்லூரிகள் தேர்வைக் கட்டாயமில்லை ஆக்கின. 2021 முதல் கலிபோர்னியப் பல்கலைக் கழகம் இரண்டு தேர்வுகளையும் பார்ப்பதே இல்லை. ஆனால் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022-லும், டார்ட்மத், யேல், பிரௌன், ஹார்வர்டு ஆகியவை 2024-லும் தேர்வை மீட்டுக் கொண்டுவந்தன. டார்ட்மத் கூறிய காரணம் சிந்திக்கத் தக்கது: தம் மதிப்பெண் குறைவு என்று அஞ்சி ஏழை மாணவர் அதை அனுப்பாமல் விட்டனர், அனுப்பியிருந்தால், அவர்கள் பள்ளியின் நிலையோடு ஒப்பிட்டு, அதுவே அவர்களுக்குத் துணையாகியிருக்கும்.

மேலும், 1926-ஐ மறக்க வேண்டாம் என்றோம் அல்லவா? 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒரே மதிப்பெண் பெற்ற இரு மாணவரில், உச்சச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அந்நாட்டின் தலைசிறந்த தனியார் கல்லூரிகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இருமடங்குக்கும் மேல் என்று காட்டியது. காரணம், பழைய மாணவரின் வாரிசுக்குச் சலுகை. செல்வர் ஆடும் விளையாட்டுகளுக்குச் சலுகை. 'ஆளுமை' என்னும் அளவைக்கு எட்டாத புள்ளி. மதிப்பெண் ஒன்றாயிருந்தும் பிறப்பு குறுக்கே நிற்கிறது! தேர்வை அகற்றினால் பிறப்பு அகன்றுவிடும் என்பது, கோயில் மணியை அகற்றினால் பூசாரி போய்விடுவான் என்பதைப் போன்றதே.

ஆக, நாம் காணும் முடிவு இது. தேர்வு ஓர் அளவுகோல், மனிதன் செய்தது, ஆகையால் மனிதன் மாற்றக்கூடியது. அதைத் தெய்வவாக்காக வணங்குவதும் மூடத்தனம். அதை உடைத்தாலே சமத்துவம் வந்துவிடும் என்பதும் மூடத்தனம். அளவுகோல் எதை அளக்கிறது, அளக்கப்படுபவன் எந்தப் பள்ளியிலிருந்து வருகிறான் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்பதே பகுத்தறிவு.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். எதை எழுதலாம்? முதலில், பல மாநிலங்களில் தெரிவே அவன் கையில் இல்லை. இல்லினாய் மாநிலம் 2001 முதல் பள்ளி மாணவர் அனைவரையும் ஏ.சி.டி. எழுதச் செய்தது, பிறகு எஸ்.ஏ.டி.க்கு மாறியது, 2025-ல் மீண்டும் ஏ.சி.டி.க்குத் திரும்பியது. தெரிவு கையில் இருப்பவன் இதைக் கருதுக: 2024 முதல் அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. முழுதும் கணினித் தேர்வு. 134 நிமிடத்தில் 98 வினா. முதற்பாதியில் செய்வதைப் பொறுத்து மறுபாதி கடினமாகவோ எளிதாகவோ அமையும். 2025-ல் சுருக்கப்பட்ட ஏ.சி.டி.யின் கட்டாயப் பகுதிகள் ஆங்கிலம், கணக்கு, வாசிப்பு. 125 நிமிடத்தில் 131 வினா. அறிவியல், விரும்பினால் எழுதலாம். ஒரு வினாவுக்கு முன்னதில் ஏறத்தாழ 82 வினாடி, பின்னதில் 57 வினாடி. நின்று நிதானித்து ஆழ்பவனுக்கு முன்னது பொருந்தும். விரைந்து செல்பவனுக்குப் பின்னது பொருந்தும். இரண்டுக்கும் இலவச மாதிரித் தாள்கள் உள்ளன. கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒருமுறை எழுதிப் பார்த்து, நன்கு வருவதைப் பற்றிக்கொள்க. எந்தப் பயிற்சி நிலையத்தின் விளம்பரமும் இதைவிட நன்றாக வழிகாட்டிவிடாது.

ஆனால், எந்த எண் வந்தாலும் அதைத் தன் பிறவியின் எடையாக எண்ண வேண்டாம். அந்தக் கருவியை வடித்தவரே அப்படி எண்ணுவதை 1930-ல் கைவிட்டார்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. தொழிற்கல்லூரி நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது தமிழ்நாடு. மருத்துவக் கல்விக்கு 2017-ல் 'நீட்' இங்கே வந்தது. 'தகுதி', 'திறமை' என்ற சொற்கள் இன்று மேடைதோறும் ஒலிக்கின்றன. அவற்றை உச்சரிப்பவரிடம், இருபது வயது நிறையாத ஹோரஸ் மான் பாண்ட் கேட்டதைப் போலவே நாமும் கேட்போம்: எண்களைக் காட்டுங்கள், எந்தப் பள்ளியில் பயின்றவன், எத்தனை ஆண்டு, யார் செலவில் பயிற்சி பெற்றவன் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்!

படிக்கட்டு எதுவாயினும், அதைக் கட்டியவன் யார் என்று கேட்கும் பழக்கம் இளைஞரிடம் இருக்கும் வரையில், பிறப்பின் பெயரால் எவரும் நிலையாக மேற்படியில் நின்றுவிட முடியாது. கேட்போம்!